அலைகளுக்குப் பாதை வகுத்த மார்க்கோனி

திருவிழாக் காலத்தில் கடைத்தெருவின் நடுவே நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு மூலையில் ராட்டினக்காரரின் ஒலிபெருக்கி முழங்கும். மறு மூலையில் வளையல் கடைக்காரரின் குரல். அதற்கும் அப்பால் நாதசுரம். தம் குரல் மற்றவர் குரலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒலியைக் கூட்டுவார்கள். கடைசியில் ஒருவர் சொல்வதும் ஒருவர் காதிலும் விழாது. நம் தலைக்கு மேலே பரந்து கிடக்கும் வானவெளியும் இத்தகைய ஒரு கடைத்தெருதான். அதில் ஓடும் மின்காந்த அலைகளை நாம் காண்பதில்லை என்பதால் அங்கு நிலவும் நெரிசலை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தக் கடைத்தெருவில் முதன் முதலாகக் கடை விரித்தவர் குலியெல்மோ மார்க்கோனி. கம்பியில்லாத் தந்தியைக் கண்டவர், அட்லாண்டிக் மாகடலைத் தாண்டி அலையை அனுப்பியவர் என்று பள்ளிப் பாடத்தில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். தொலைவை வென்றவர் என்பதே அவருக்குக் கிடைத்த புகழ். ஆனால் அவர் வாழ்க்கையை ஊன்றிப் படித்தால், அவரைப் பெரிதும் அலைக்கழித்தது தொலைவு அன்று, பக்கத்தில் பேசுகிறவரின் குரலே என்பது புலப்படும். ஒருவர் செய்தி இன்னொருவர் செய்தியில் கலந்து இரண்டும் கெட்டுப்போகும் குறுக்கீடு என்னும் தொல்லை, அவரை வாழ்நாள் முழுதும் நிழல்போல் தொடர்ந்தது. அந்தக் கோணத்தில் அவர் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் இத்தாலியின் போலோக்னா நகரில் மார்க்கோனி பிறந்தார். தந்தை ஜுசெப்பே நிலபுலன் உள்ளவர். சிக்கனமும் கண்டிப்பும் மிக்கவர். தாய் அன்னி ஜேம்சன் அயர்லாந்து நாட்டவர். விஸ்கி வடிப்பதில் பெயர் பெற்ற செல்வக் குடும்பத்துப் பெண். மார்க்கோனி ஒழுங்காகப் பள்ளி சென்று படித்தவரல்லர். வீட்டிலேயே ஆசிரியர்கள் வந்து கற்பித்தார்கள். லிவோர்னோ நகரில் இருந்தபோது கண் பார்வை இழந்த ஒரு முதிய தந்திப் பணியாளரிடம் மோர்ஸ் குறியீட்டைக் கற்றுக் கொண்டார். பல்கலைக்கழகத்தில் சேரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. போலோக்னாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் அகஸ்டோ ரிகி இரக்கம் கொண்டு, தம் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் பயன்படுத்திக் கொள்ள அவருக்கு இடம் கொடுத்தார்.

மின்காந்த அலைகள் உண்டு என்பதைச் சோதனையால் மெய்ப்பித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1894ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார். அவரைப் பற்றி ரிகி எழுதிய இரங்கற் கட்டுரை அந்தக் கோடையில் மார்க்கோனியின் கண்ணில் பட்டது. அறிஞர்கள் இந்த அலைகளை ஆய்வுக்கூட வியப்பாகவே கருதியிருந்த காலம் அது. இவற்றைக் கொண்டு செய்தி அனுப்பினால் என்ன என்ற எண்ணம் இருபது வயது இளைஞரைப் பற்றிக் கொண்டது. பொன்டெக்கியோ கிராமத்தில் இருந்த அவர்களுடைய மாளிகையின் மாடி அறை ஆய்வுக்கூடமாயிற்று.

அவர் பயன்படுத்திய உறுப்புகளில் பெரும்பாலானவை மற்றவர்கள் கண்டவையே. பொறியை எழுப்பும் கருவி ஹெர்ட்ஸும் ரிகியும் உருவாக்கியது. அலையை உணரும் கருவி, உலோகத் துகள் அடைத்த ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அது பிரான்லியும் லாட்ஜும் பண்படுத்தியது. மார்க்கோனி செய்த புதுமை, அனுப்பும் கருவியின் ஒரு முனையை உயரத்தில் தொங்கும் வான்கம்பியோடும், மறு முனையை நிலத்தோடும் இணைத்தது. கம்பியை உயர்த்த உயர்த்த அலை எட்டும் தொலைவு கூடிற்று. 1895ஆம் ஆண்டு ஒரு நாள், வீட்டிற்குப் பின்னால் இருந்த குன்றுக்கு அப்பால் தம் அண்ணன் அல்ஃபோன்சோவை வாங்கும் கருவியுடன் நிறுத்தினார். செய்தி வந்து சேர்ந்ததற்கு அடையாளமாகக் குன்றின் மறுபுறத்திலிருந்து துப்பாக்கி வெடித்த ஒலி கேட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவை, இடையில் ஒரு குன்று நின்றபோதிலும், அலை கடந்துவிட்டது.

அதே 1895இல் நம் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மிகக் குறுகிய மின் அலைகளைச் சுவர்களைக் கடந்து செலுத்தி மணியை ஒலிக்கச் செய்து காட்டினார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். போஸ் அலைகளின் இயல்பை அறிய முனைந்தார். காப்புரிமையிலும் வாணிகத்திலும் அவருக்கு நாட்டமில்லை. மார்க்கோனியோ அலையைச் செய்தி சுமக்கும் தூதுவனாக்கவும், அதைத் தொழிலாக வளர்க்கவும் முனைந்தார்.

லண்டன் மாநகரில்

1896ஆம் ஆண்டு தாயாருடன் மார்க்கோனி லண்டன் சென்றார். அங்கே தாய்வழி உறவினர் ஹென்றி ஜேம்சன் டேவிஸ் துணை நின்றார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் இந்த இளைஞரிடம் நம்பிக்கை வைத்து ஆதரவு தந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் பிரிஸ்டல் கால்வாயின் குறுக்கே செய்தி சென்றது. ஜூலையில் கம்பெனி தொடங்கப்பட்டது. 1899 மார்ச்சில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலைக் கடந்து செய்தி சென்றது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து கூட நிறையவில்லை.

முதல் தடுமாற்றம்

1899ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மார்க்கோனி அமெரிக்கா சென்றார். நியூயார்க் அருகே நடந்த படகுப் பந்தயத்தின் செய்திகளைக் கடலிலிருந்து உடனுக்குடன் அனுப்பிப் பாராட்டுப் பெற்றார். அதைக் கண்ட அமெரிக்கக் கப்பற்படையினர் தங்கள் கப்பல்களில் அவர் கருவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். தொலைவுச் சோதனைகள் நன்றாகவே நடந்தன. பிறகு அவர்கள் எளிய, ஆனால் கூர்மையான ஒரு சோதனையை வைத்தார்கள். ஒரு கப்பல் செய்தியை வாங்கிக் கொண்டிருக்கும்போதே வேறொரு நிலையத்தையும் செய்தி அனுப்பச் செய்தார்கள். வாங்கும் நாடாவில் இரண்டு செய்திகளின் புள்ளிகளும் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எதையும் படிக்க முடியாமல் போயிற்று. இத்தொல்லையைத் தீர்க்கும் வழி தம்மிடம் உண்டென்றும், காப்புரிமை பெறாததால் அதைக் காட்ட இயலவில்லை என்றும் மார்க்கோனி கூறினார். கப்பற்படையினர் மனநிறைவு கொள்ளவில்லை.

இந்தக் குழப்பத்திற்குக் காரணம் என்ன? மின்பொறி எழுப்பும் அலை, பறை மீது விழும் ஓர் அடியைப் போன்றது. அது ஒரு குறிப்பிட்ட சுருதியில் நிற்பதில்லை. பலவகை அதிர்வெண்களையும் கலந்து சிதறி உடனே ஓய்ந்துவிடும். வாங்கும் முனையில் இருந்த துகள் குழாயோ, எந்த அலை வந்தாலும் விழித்துக் கொள்ளும். வந்தது யாருடைய அலை என்று அதற்குத் தெரியாது. வீட்டில் யார் கதவைத் தட்டினாலும் ஒரே மாதிரி குரைக்கும் நாயைப் போன்றது அது.

இதற்கு அவர் கண்ட மருந்து ஒத்திசைவு. ஒரே சுருதி கூட்டிய இரண்டு வீணைகளை அருகருகே வைத்து ஒன்றை மீட்டினால் மற்றதன் தந்தியும் தானே அதிரும். சுருதி மாறினால் அது அசையாது. அதுபோலவே அனுப்பும் சுற்று, அதன் வான்கம்பி, வாங்கும் வான்கம்பி, வாங்கும் சுற்று ஆகிய நான்கையும் ஒரே அதிர்வெண்ணுக்குக் கூட்டி வைத்தால், தனக்குரிய செய்திக்கு மட்டும் கருவி செவி சாய்க்கும். 1900ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் விண்ணப்பித்த 7777 என்ற எண்ணுள்ள காப்புரிமை இதைப் பற்றியதே. ஒரே வான்கம்பியில் இரண்டு செய்திகளை இரண்டு அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வாங்கியும் காட்டினார். வானவெளியை அலைவரிசைகளாகப் பங்கு போடும் பழக்கம் நடைமுறைக்கு வந்தது இப்படித்தான்.

இந்தப் புகழ் அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆலிவர் லாட்ஜ் 1897இலேயே ஒத்திசைவுக்குக் காப்புரிமை கோரியிருந்தார். மார்க்கோனி கம்பெனி 1911இல் அதை விலை கொடுத்து வாங்க வேண்டி வந்தது. ஜெர்மனியின் பிரௌன் இணைப்புச் சுற்றை முன்பே வகுத்திருந்தார். மார்க்கோனி மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1943இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோரின் முந்திய பணிகளைக் காட்டி, அந்நாட்டில் அவர் பெற்றிருந்த ஒத்திசைவுக் காப்புரிமையின் முக்கியப் பகுதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தது.

கடல் கடந்த மூன்று புள்ளிகள்

1901 டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்ததை எல்லாரும் அறிவோம். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் போல்டு என்ற இடத்திலிருந்து எழுந்த அலை, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் கடந்து நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்றை அடைந்தது. புயற்காற்றில் காற்றாடி தூக்கிப் பிடித்த கம்பியின் கீழே அமர்ந்து, எஸ் என்ற எழுத்தைக் குறிக்கும் மூன்று புள்ளிகளை மார்க்கோனியும் அவருடைய உதவியாளர் கெம்பும் செவியில் கேட்டார்கள். கேட்டதாகச் சொன்னவர்கள் அவ்விருவர் மட்டுமே என்பதால் ஐயம் எழுந்தது. அந்த ஐயம் அறிஞரிடையே முற்றிலும் அகன்றுவிடவுமில்லை. ஆனால் 1902 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா என்ற கப்பலில், 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், அதிகாரிகள் கண்முன்னே நாடாவில் செய்தியைப் பதித்துக் காட்டி அவர் வாயடைத்தார்.

தொலைவு கூடக்கூட, அவர் மேலும் மேலும் நீண்ட அலைகளையும் மேலும் மேலும் பெரிய ஆற்றலையும் நாடிச் சென்றார். உரக்கக் கூவினால் தூரத்தில் கேட்கும் என்ற எளிய கணக்கு அது. எல்லாத் திசைகளிலும் பரவும் பெருங்குரல், கேட்க வேண்டியவர் ஒருவருக்காக, கேட்க வேண்டாத ஆயிரம் பேர் காதையும் அடைக்கும் என்பது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

அரங்கில் நேர்ந்த அவமானம்

1903 ஜூன் மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மார்க்கோனியின் அறிவியல் ஆலோசகர் ஃப்ளெமிங் சொற்பொழிவாற்றினார். தொலைவில் மார்க்கோனி அனுப்பும் செய்தியை அவையோர் முன்னே வாங்கிக் காட்டுவதாக ஏற்பாடு. குறித்த நேரத்திற்குச் சற்று முன்பே கருவி அடித்துக் கொள்ளத் தொடங்கியது. வந்ததோ மார்க்கோனியின் செய்தியன்று. அவரை எள்ளி நகையாடும் சொற்கள்! நெவில் மாஸ்கலின் என்பவர் அருகிலிருந்த ஒரு கட்டடத்தில் சிறு கருவியை வைத்து வேண்டுமென்றே அனுப்பிய குறும்பு அது. அவர் மந்திரவித்தைக்காரர், கடலடித் தந்திக் கம்பெனியோடு தொடர்பு உடையவர். ஃப்ளெமிங் கொதித்துப் போய்ச் செய்தித்தாளுக்கு எழுதினார். ஆனால் செயல் முறையற்றதாயினும் உணர்த்திய உண்மை பெரிது. எவ்வளவு நுட்பமாகச் சுருதி கூட்டினாலும், பக்கத்து அறையில் பறை முழங்கினால் வீணை கேட்காது.

மார்க்கோனியின் கம்பெனிக்கு மற்றொரு குறையும் இருந்தது. அந்தக் காலத்தில் நடுக்கடலில் நிலையான நிலையங்கள் ஏது? கப்பல்களே ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கைமாற்றிக் கரை சேர்த்தன. ஆனால் மார்க்கோனி நிலையங்கள், ஆபத்து நேரம் தவிர, பிற கம்பெனிகளின் கருவி பொருத்திய கப்பல்களோடு பேச மறுத்தன. வாணிகக் கண்ணோட்டத்தில் இது ஒரு கோட்டைச் சுவர். கடலில் செல்லும் மாலுமிக்கோ முகத்தில் அறைந்து சாத்திய கதவு. 1906இல் பெர்லினில் கூடிய நாடுகள், எந்தக் கருவியாயினும் கப்பலும் கரையும் பேசிக் கொள்ள வேண்டும் என்று விதி செய்தன. 300 மீட்டர், 600 மீட்டர் அலைநீளங்கள் கப்பல்களுக்கென ஒதுக்கப்பட்டன. வானவெளி ஒருவர் சொத்தன்று, பொதுவழி என்று உலகம் ஏற்றுக் கொண்ட முதற்படி இது.

டைட்டானிக் இரவு

1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு. டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி அறையில் ஜாக் ஃபிலிப்ஸ், ஹெரால்டு பிரைடு என்ற இரு இளைஞர்கள் பணியில் இருந்தார்கள். இருவரும் மார்க்கோனி கம்பெனியின் ஊழியர்கள். முந்தைய நாள்களில் கருவி பழுதுபட்டுச் சில மணி நேரம் நின்றுபோனதால், பயணிகளின் செய்திகள் குவிந்து கிடந்தன. நியூஃபவுண்ட்லாந்துக் கரையின் கேப் ரேஸ் நிலையத்தோடு தொடர்பு கிடைத்ததும் ஃபிலிப்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பிக் கொண்டிருந்தார். தொலைவிலிருந்த கேப் ரேஸின் குரல் மெலிந்து ஒலித்தது.

இரவு 11 மணியளவில், 20 மைல்களுக்குள் நின்றிருந்த கலிஃபோர்னியன் என்ற கப்பலின் தந்திப் பணியாளர் எவன்ஸ், தங்கள் கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்டது என்று எச்சரிக்க முனைந்தார். அவர் அருகில் இருந்ததால் அந்த ஒலி ஃபிலிப்ஸின் காதில் இடிபோல் இறங்கியது. கேப் ரேஸின் மெல்லிய குரல் அதில் மூழ்கிப் போயிற்று. எரிச்சலுற்ற ஃபிலிப்ஸ், குறுக்கே வராதிருக்கும்படி கடுமையாகச் சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். எவன்ஸ் சிறிது நேரம் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அந்தக் கப்பலில் தந்திப் பணியாளர் அவர் ஒருவரே. 11.40க்கு டைட்டானிக் பனிமலையில் மோதியது. நள்ளிரவுக்குப் பின் ஃபிலிப்ஸ் எழுப்பிய அபயக் குரலைக் கேட்க மிக அருகிலிருந்த கப்பலில் எவரும் விழித்திருக்கவில்லை.

60 மைல்களுக்குச் சற்றுக் குறைந்த தொலைவிலிருந்த கார்பேத்தியாவின் பணியாளர் தற்செயலாகக் கருவியருகே இருந்தார். அந்தக் கப்பல் விரைந்து வந்ததால் ஏறத்தாழ 700 பேர் பிழைத்தார்கள். 1,500 பேர் வரை மாண்டார்கள். இறுதிவரை செய்தி அனுப்பிக் கொண்டிருந்த ஃபிலிப்ஸும் மாண்டார். மறுநாள் வானில் எண்ணற்ற நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசியதில் செய்தித் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்தன. பயணிகள் அனைவரும் நலம், கப்பல் கரைக்கு இழுத்து வரப்படுகிறது என்று சில நாளேடுகள் வெளியிட்டன.

கார்பேத்தியா நியூயார்க் துறைமுகம் வந்தபோது மார்க்கோனி நேரில் சென்று பிழைத்த பிரைடைக் கண்டார். டைட்டானிக்கில் இலவசமாகப் பயணம் செய்யும்படி அவருக்கும் அழைப்பு வந்திருந்தது. வேறு கப்பலில் முன்னதாகவே சென்றுவிட்டதால் தப்பினார். பிழைத்தவர்கள் அவரைக் கண்கண்ட தெய்வமாகப் போற்றினார்கள். ஆனால் அந்த இரவு, அவருடைய கண்டுபிடிப்பின் பெருமையை எவ்வளவு காட்டியதோ அவ்வளவு அதன் குறையையும் காட்டியது. அதன் பிறகே கப்பல்களில் இரவும் பகலும் தந்திக் காவல் வேண்டும், நிலையங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டங்கள் வந்தன. யார் எப்போது பேசலாம், யார் எப்போது கேட்க வேண்டும் என்ற ஒழுங்கு, உயிர்ப்பலி கொடுத்த பின்னரே பிறந்தது.

திசை தேடிய வான்கம்பிகள்

அதிர்வெண்ணால் பிரிப்பது ஒரு வழி. நேரத்தால் பிரிப்பது மற்றொரு வழி. மூன்றாவது வழியும் உண்டு. அதுவே திசையால் பிரிப்பது. அதற்கு ஒரு வான்கம்பி போதாது, பல வேண்டும்.

குளத்தில் ஒரு கல்லை எறிந்தால் வட்ட அலை எல்லாப் பக்கமும் பரவும். இரண்டு கற்களைச் சிறிது இடைவெளியில் ஒரே நேரத்தில் எறிந்தால், சில திசைகளில் அலைமேடும் அலைமேடும் சேர்ந்து உயரும். சில திசைகளில் மேடும் பள்ளமும் சந்தித்து நீர் அசையாது நிற்கும். இதை மின் அலையில் செய்து காட்டியவர், முன்னே சொன்ன ஃபெர்டினாண்ட் பிரௌன். 1905இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மூன்று வான்கம்பிகளை முக்கோணமாக நிறுத்தி, ஒன்றன் அலையைச் சிறிது தாமதப்படுத்தி, ஆற்றலை விரும்பிய பக்கம் திருப்பினார். கம்பிகளை அசைக்காமலே திசையை மாற்ற முடிந்தது. 1909ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரௌனுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இன்றைய பல-ஆன்டெனாக் கருவிகளின் முப்பாட்டன் அந்த முக்கோணம் என்று சொல்லலாம்.

மார்க்கோனி இந்த வழிக்கு முழுமையாகத் திரும்பச் சில ஆண்டுகள் ஆயின. 1912இல் கார் விபத்து ஒன்றில் அவர் வலக் கண்ணை இழந்தார். முதல் உலகப் போரின்போது, 1916இல், சார்லஸ் ஃப்ராங்க்ளின் என்ற பொறியாளருடன் இத்தாலியில் சில மீட்டர் நீளமே உள்ள சிற்றலைகளை ஆராய்ந்தார். அலை குறுகினால் அதைத் திரட்டும் கம்பி வலையும் சிறிதாகும். விளக்கின் பின்னே ஆடி வைத்தாற்போல் அலையைக் கற்றையாக்கலாம். 1919இல் வாங்கிய எலெட்ரா என்ற படகையே மிதக்கும் ஆய்வுக்கூடமாக்கிக் கடல்களில் அலைந்து, 1923, 1924ஆம் ஆண்டுகளில் சிற்றலைகள் நெடுந்தொலைவு செல்வதைக் கண்டறிந்தார். சிற்றலை பயனற்றது என்று அரசுகள் அமெச்சூர்களுக்கு ஒதுக்கித் தள்ளியிருந்தன. அந்த அமெச்சூர்களே அதன் வலிமையை உலகுக்கு முதலில் காட்டினார்கள் என்பதும் உண்மை.

ஃப்ராங்க்ளின் அமைத்த கற்றை ஆன்டெனா, உயர்ந்த கம்பங்களுக்கிடையே திரைச்சீலை போலத் தொங்கும் பல கம்பிகளின் வரிசை. பின்னால் அலையைத் திருப்பும் இன்னொரு வரிசை. 1926இல் கனடாவுக்கும், 1927இல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளுக்கும் இந்தக் கற்றைச் சேவை தொடங்கியது. இந்திய நிலையங்கள் புனாவை அடுத்த கட்கியிலும் தௌண்டிலும் அமைந்தன. பழைய நெட்டலை நிலையங்கள் விழுங்கிய ஆற்றலில் ஒரு சிறு பகுதியே இவற்றுக்குப் போதுமானதாயிற்று. வேகமோ பன்மடங்கு கூடிற்று. உலகம் நெட்டலையையும் பேராற்றலையும் நம்பிப் பெருஞ்செலவு செய்ததற்குத் தாமே பொறுப்பு என்று 1927இல் மார்க்கோனி பொதுமேடையில் ஒப்புக் கொண்டார். தம் புகழுக்குக் காரணமான வழியையே தவறென்று சொல்லும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இறுதி நாட்கள்

அவர் வாழ்வில் மறைக்கக் கூடாத கறையும் உண்டு. 1923இல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். 1930இல் இத்தாலிய அரச கழகத்தின் தலைவரானார். அந்த ஆட்சிக்குத் தம் புகழைக் கவசமாகத் தந்தார். எல்லாருக்கும் பேசும் வழியைத் திறந்தவர், பேச்சுரிமையைப் பறித்தவர்களின் பக்கம் நின்றது வரலாற்றின் முரண். அறிவின் உயரத்தை மட்டும் கண்டு மனிதரை அளக்கக் கூடாது என்பதற்கு இது சான்று.

1931இல் வத்திக்கான் வானொலி அவர் அமைப்பில் தொடங்கப்பட்டது. அதற்குப் பின் ஒரு மீட்டருக்கும் குறைந்த நுண்ணலைகளில் தொடர்பு அமைத்தார். 1937 ஜூலை 20ஆம் நாள் ரோம் நகரில் இதயநோயால் காலமானார். அவருக்கு அஞ்சலியாகப் பல நாடுகளின் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலியடங்கி நின்றன. அவர் பிறப்பதற்கு முன் வானம் எப்படி இருந்ததோ, ஏறத்தாழ அப்படியே அந்த இரண்டு நிமிடம் இருந்தது.

அவருக்குப் பின்

1948இல் அமெரிக்காவின் கிளாட் ஷானன், ஒரு தடத்தில் பிழையின்றி எவ்வளவு செய்தி செல்ல முடியும் என்பதற்குக் கணித வரம்பு வகுத்தார். அதன்படி, ஓரளவுக்கு மேல், ஒவ்வொரு சிறு முன்னேற்றத்துக்கும் ஆற்றலை இரட்டிப்பாக்க வேண்டும். பலர் பேசும் வெளியிலோ, எல்லாரும் ஆற்றலைக் கூட்டினால் ஒருவருக்கும் பயனில்லை. கடைத்தெருவின் ஒலிபெருக்கிக் கதைதான்.

மார்க்கோனி காலத்துக் கப்பல்களைப் போலவே, நிலையான கோபுரமில்லாமல் கருவிகள் தாமே செய்தியைக் கைமாற்றிக் கொள்ளும் வலைகள் இன்று உண்டு. போர்க்களத்திலும் பேரிடர் மீட்பிலும் இவை பயன்படுகின்றன. இத்தகைய வலையின் கொள்திறனை 2000ஆம் ஆண்டில் பியூஷ் குப்தாவும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பி.ஆர். குமாரும் கணக்கிட்டார்கள். கருவிகளின் எண்ணிக்கை 100 மடங்கானால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒவ்வொரு கருவியும் பிறர் சுமையையும் சுமக்க வேண்டும். தான் பேசும்போது அக்கம்பக்கத்தார் மௌனம் காக்க வேண்டும். கூட்டம் பெருகப் பெருக எளிதில் தப்ப முடியாத நெருக்கடி இது.

இதைத் தளர்த்தும் கருவிகளுள் ஒன்று, பிரௌனின் முக்கோணத்திலிருந்து வளர்ந்த பல-ஆன்டெனா முறை. சந்தை இரைச்சலிலும் நண்பன் குரலை நாம் பிரித்தறிய இரண்டு காதுகள் எவ்வாறு உதவுகின்றனவோ, அவ்வாறே பல ஆன்டெனாக்கள் ஒரு செய்தியைச் சற்றே வேறுபட்ட வடிவங்களில் வாங்குகின்றன. அவற்றைத் தக்கபடி கூட்டிக் கழித்து வேண்டாத குரலை அழிக்கலாம். நான்கு ஆன்டெனாக்கள் இருந்தால், மூன்று குறுக்கீடுகளை அடக்கிவிட்டு ஒரு செய்தியைத் தெளிவாகக் கேட்கலாம். குறுக்கீடு இல்லையேல், சூழல் இடம் கொடுக்குமானால், நான்கு செய்திகளை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வாங்கலாம். ஆக, ஒவ்வோர் ஆன்டெனாவும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. அதைத் தன் செய்தியைப் பெருக்கப் பயன்படுத்துவதா, பிறர் இரைச்சலை அடக்கப் பயன்படுத்துவதா? இந்தப் பங்கீட்டைச் செம்மையாகச் செய்வதே இன்றைய ஆய்வாளர்களின் உழைப்பு.

ஒரே அலைவரிசையில் பல செய்திகளை அனுப்பும் இந்த எண்ணத்துக்கு 1992இல் காப்புரிமை கோரியவர்களில் ஒருவர், நம் பொள்ளாச்சியில் 1944இல் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றிப் பின் ஸ்டான்ஃபோர்டு சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ். மற்றவர், மார்க்கோனியின் கற்றை நிலையம் அமைந்த அதே புனாவில் பிறந்த தாமஸ் கைலாத். மார்க்கோனியின் மகள் ஜோயா தந்தையின் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய அமைப்பு வழங்கும் மார்க்கோனி பரிசு, 2014இல் பால்ராஜுக்குக் கிடைத்தது.

இன்று நம் கையிலுள்ள கருவியும், அறையிலுள்ள கம்பியில்லா இணைப்பும் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கின்றன. பேசுவதற்கு முன் சிறிது கேட்கின்றன. வேறொருவர் பேசினால் காத்திருக்கின்றன. ஃபிலிப்ஸுக்கு அன்று வாய்த்தது ஒரே வான்கம்பி; அருகிலிருந்தவரையும் தொலைவிலிருந்தவரையும் பிரித்துக் கேட்க அதனால் முடியவில்லை. அவர் பிழை செய்தார் என்று சொல்வதைவிட, அவர் கையிலிருந்த கருவி அவரைக் கைவிட்டது என்று சொல்வதே பொருந்தும். வானைக் கடந்து பேசக் கற்பித்தவர் மார்க்கோனி. அந்த வானைப் பங்கிட்டுக் கொள்ளும் பாடத்தை அவரும் பாதி வாழ்வுக்குப் பின்னரே கற்றார். மீதிப் பாடம் இயற்பியலும் கணிதமும் பயிலும் நம் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.